மாபங்கெட் முச்சந்தி

இடப்பக்கம் திரும்பினால் மனாடோ துறைமுகம்,
பிறகு படகு, நாற்பது நிமிடம், புனாக்கென்.
வலப்பக்கம் போனால் பிதுங். அக்கரையில் லெம்பே.
விளக்குப் பச்சையாகிவிட்டது.
பின்னால் மீன் லாரிக்காரன்
ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை.
இவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை.

பிராகாவிலிருந்து மூன்று விமானம் மாறி வந்தவர்கள்.
அந்தம்மா பெயர் ஹெட்விகா.
மடியில் ஒரு கட்டுத் தாள்,
விடுதிக்கு ஒன்றாக,
ஓரத்தில் பென்சிலில் மதிப்பெண்,
கண்டிப்பான வாத்தியார் திருத்தியதுபோல.
அவர் ஓத்தக்கார். அவர் மடியில் அவருடைய தொப்பி மட்டும்.

சண்டை அவர்கள் பாஷையில்.
எனக்குப் பிடிபடுவது இரண்டே சொல்:
புனாக்கென். லெம்பே. புனாக்கென். லெம்பே.
மீதியைக் கைகள் சொல்லிவிடுகின்றன.
அவர் கை நெட்டுக்குத்தாக இறங்குகிறது: பவளச்சுவர்,
அடி தெரியாத நீலம், சும்மா மிதந்து போகும் ஆமை.
அவள் கட்டைவிரலும் சுட்டுவிரலும்
அரிசி ஒன்றை நசுக்காமல் பிடிக்கின்றன:
கறுப்பு மண்ணில்
குப்பையோடு குப்பையாக உட்கார்ந்திருக்கும் ஏதோ ஒன்று.
அதற்காகவா இவ்வளவு தூரம் என்கிறது அவர் புருவம்.

புனாக்கென் விடுதி எனக்கு
ஆளுக்கு ஐம்பதாயிரம் ருபியா தரும்.
லெம்பே விடுதி ஒரு காப்பி தரும்.
அதன் சமையற்கட்டில் மெய்ஸ்கெ இருக்கிறாள்.
இரண்டு வருஷமாக அவள் என் மனைவி இல்லை.

முன்பு நானும் ஆட்களை இறக்கியவன்தான்.
ஒருநாள் ஒரு விருந்தாளி கல்லாகக் கீழே போனார்.
துரத்திப் பிடித்தேன்.
மூக்கைப் பொத்திக் காதைத் திறக்க நேரமில்லை.
அவர் பிழைத்தார், கிறிஸ்துமஸுக்கு அட்டை அனுப்புகிறார்.
என் இடக்காதில் அன்று புகுந்த வண்டு
இன்னும் வெளியே வரவில்லை.
கடலில்லாத வீட்டில் நான் எப்படி இருந்தேன் என்பதை
மெய்ஸ்கெயிடம்தான் கேட்க வேண்டும்.

விளக்குச் சிவப்பாகிவிட்டது. லாரிக்காரன் இறங்கித் திட்டுகிறான்.

"நீங்களானால் எங்கே போவீர்கள், நோல்ஃபி?"

ஆறு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி.
எனக்கு நினைவு வந்தது சுவரும் அல்ல, மண்ணும் அல்ல.
மாலை ஆறு மணி, உடைந்த பவளக் குவியல்,
மாண்டரின் மீன் ஜோடி ஒன்று
கன்னத்தோடு கன்னம் ஒட்டி எழும்,
முழங்கை உயரம்தான்.
ஒரு நொடி.
அப்புறம் ஆளுக்கொரு பொந்து.

"ஜனவரி," என்றேன். "மேற்குக் காற்று.
புனாக்கெனில் இந்த வாரம் படகு குதிக்கும்.
லெம்பே ஜலசந்தி, ஒதுக்கமான தண்ணீர்."

சொன்னது உண்மை.
உண்மையாக இருந்ததுதான் சங்கடம்.
பொய்யென்றால் யாருக்காகச் சொன்னேன் என்றாவது
தெரிந்திருக்கும்.

அப்போது அவர் "லெம்பே" என்றார்.
அதே மூச்சில் அவள் "புனாக்கென்" என்றாள்.
விட்டுக்கொடுத்துவிட்டார்களாம்.
இனி யார் முதலில் விட்டுக்கொடுத்தது என்று
அடுத்த சண்டை.

வண்டியை வலப்பக்கம் ஒடித்தேன்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
ஐர்மதிதி வருவதற்குள் தூங்கிவிட்டார்கள்,
அவர் வாய் அவள் தோளில் திறந்தபடி.
கிளபத் மலையைப் பாதி மேகம் தின்றிருந்தது.
கிரியானில் புகைபோட்ட சூரை மீன் வாசனை
கண்ணாடியை ஏற்றியும் உள்ளே வந்தது.

மெய்ஸ்கெக்குப் பதினைந்து நாள் வேலை, ஐந்து நாள் வீடு.
எந்தப் பதினைந்து என்று
என்னிடம் சொல்ல அவளுக்கு என்ன தலையெழுத்து?

ஒரு திருப்பத்தில் தாள்கள் சரிந்து
கியர் பக்கம் வந்து விழுந்தன.
மேலே கிடந்தது லெம்பே.
எழுத்து எனக்கு வராது, படம் வரும்.
கட்டிலுக்கு ஆறு. படகுக்கு ஏழரை.
கரண்டியும் முள்ளும் வரைந்த இடத்தில்,
யார் சொல்லிக் கேட்டாளோ,
பத்து.
இரண்டு முறை அடிக்கோடு.

சரிதான், அந்தம்மா.